வலது காலுறை

உட்கார், பிள்ளை. அந்த நாற்காலி வேண்டாம். அதன் பிரம்பு தளர்ந்துவிட்டது. தளர்ந்த எதையும் நான் விருந்தினருக்குக் கொடுப்பதில்லை. இதில் உட்கார். வாசலில் உறுமிக்கொண்டிருப்பது உங்கள் வண்டிதானே? இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு வா. நாட்டுக்காகத் திரட்டும் வண்டி நாட்டின் டீசலை இப்படி நின்ற இடத்தில் குடிக்கக் கூடாது.

வந்துவிட்டாயா? நல்லது. இந்தா, தண்ணீர் குடி.

கார்கில் மலையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்காகக் கம்பளித் துணிகள் திரட்டுகிறீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை ஆலய அறிவிப்பில் கேட்டேன். மேசைமேல் இருக்கும் பொட்டலம் உனக்காகக் கட்டி வைத்ததுதான். ஆறு ஜோடிக் காலுறைகள். கடையில் வாங்கியவை அல்ல, நான் பின்னியவை. பாளையங்கோட்டையின் இந்த ஜூன் மாத வெயிலில் கம்பளி நூலை மடியில் வைத்துப் பின்னுவது, அடைகாக்கும் கோழியை மடியில் வைத்திருப்பது போல. ஆனாலும் பின்னினேன். ஒவ்வொரு காலுறையின் விளிம்பிலும் ஒரு நூல் கட்டியிருக்கிறேன், பார்த்தாயா? வலது காலுக்குச் சிவப்பு, இடது காலுக்கு வெள்ளை. ஜோடிக்கு ஒரு அஞ்சலட்டை வேறு உள்ளே இருக்கிறது, என் முகவரி எழுதியது. ஏன் என்று கேட்காதே. அதுதான் என் நிபந்தனை, கடைசியில் சொல்கிறேன். காரணம் தெரியாமல் நிபந்தனையைச் சொன்னால், வயதானவளின் கிறுக்கு என்று நினைத்துவிடுவாய்.

பொட்டலத்தை மடியில் வைத்துக்கொள். பிரிக்க வேண்டாம்.

என் பெயர் ஞானதீபம். இங்கே பெண்கள் பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் தையலும் மனையியலும் கற்பித்தேன். இந்த ஊரில் நேரான தையல் போட்ட ரவிக்கை ஒன்றை நீ பார்த்தால், அதைத் தைத்தவள் என்னிடம் குட்டு வாங்கியவள் என்று எடுத்துக்கொள்ளலாம். கோணலாகத் தைத்த ரவிக்கைகளுக்கு நான் பொறுப்பல்ல.

நான் சொல்லப்போவது அறுபத்திரண்டாம் ஆண்டுச் சண்டைக் காலத்தைப் பற்றி. அப்போது உன் அம்மாவே பாவாடை கட்டியிருப்பாள். வடக்கே பனிமலையில் சண்டை. நம் சிப்பாய்கள் பருத்திச் சட்டையும் கான்வாஸ் காலணியுமாகப் பனியில் நிற்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நாடு முழுவதும் பெண்கள் கம்பளி பின்னத் தொடங்கினார்கள். நம் ஊர் மாதர் சங்கமும் கூடியது. தலைவி, வக்கீல் மனைவி சற்குணவதி அம்மாள். கூட்டம் கூட்டுவதில் அவருக்கு நிகர் கிடையாது. கூடிய பிறகு என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

யோசித்துப் பார், பிள்ளை. எங்களில் ஒருத்தியும் குளிரைக் கண்டவள் இல்லை. எங்கள் ஊரில் போர்வை என்பது கொசுவுக்காக. ஒருத்தி குற்றாலச் சாரலைச் சொன்னாள். ஒருத்தி கொடைக்கானலுக்குப் போனபோது மூக்கு ஒழுகியதை அரைமணி நேரம் விவரித்தாள். சுக்குப்பொடியும் மிளகும் மூட்டை கட்டி அனுப்பினால் போதும், குளிர் தானே ஓடிவிடும் என்றாள் மளிகைக் கடைக்காரர் மனைவி; மூட்டை எந்தக் கடையில் வாங்குவது என்பதையும் அவளே சொன்னாள்.

இந்தப் பிதற்றலுக்கு முற்றுப்புள்ளி வைத்தவள் நான். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளச் சோதனைதான் வழி என்றேன். மறுநாள் எல்லோரையும் குதிரை வண்டிகளில் ஏற்றிச் சந்திப்பு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஐஸ் கம்பெனிக்கு அழைத்துப் போனேன். மீன் அனுப்புவதற்காக ஐஸ் செய்யும் இடம் அது. மேலாளர் பாவம், பதினைந்து பெண்கள் பட்டுப்புடவையில் வந்து ஐஸைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றதும், வருமானவரிச் சோதனையோ என்று பயந்துவிட்டார். ஒரு முழுப் பாளம் ஐஸை எடுத்து வைக்கச் சொன்னேன். நான் பின்னிய கையுறையை மாட்டிக்கொண்டு அதன்மேல் கையை வைத்தேன். மற்றவர்கள் சேர்ந்து எண்ணினார்கள். முந்நூறு எண்ணும்வரை கையை எடுக்கவில்லை. லேசாகச் சில்லென்றது, அவ்வளவுதான். பிறகு வெளியே வந்து வெயிலில் நின்று எல்லோரும் கலர் சோடா குடித்தோம்.

அன்றிலிருந்து குளிரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்னலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வெள்ளைக்கார மிஷன் அம்மையார். அவர் சொன்னது ஒன்றே: பின்னல் என்பது ஒழுக்கம். ஊசியில் விழும் ஒவ்வொரு வளையத்தையும் நாங்கள் கண்ணி என்போம். அங்குலத்துக்கு எட்டுக் கண்ணி, அது என் கணக்கு. சங்கத்தில் கேலியாகச் சொல்வார்கள், ஞானதீபம் டீச்சர் பின்னிய காலுறையில் மோர் ஊற்றி வைத்தால் மறுநாள்வரை ஒழுகாது என்று. கேலிதான். ஆனால் கேலிக்குள்ளும் உண்மை வந்து உட்கார்ந்துவிடுகிறது, பார்.

ஆகவே காலுறைப் பிரிவு என் பொறுப்பில் வந்தது. வந்த காலுறைகளை நான் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். வெளிச்சம் ஊடுருவினால் பிரித்துப் போடச் சொல்வேன். அவசரம், அவசரம் என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். அவசரத்தில் பின்னியதைப் போட்டுக்கொண்டு ஒருவன் எப்படி நாட்டைக் காப்பான்? பாதிக்கு மேல் பிரிக்கவைத்தேன். ஒரு பெண் அழுதுகொண்டே பிரித்தாள். அழட்டும், கண்ணீர் பட்டால் கம்பளி கெடாது.

இந்த இடத்தில்தான் செல்லக்கனி வருகிறாள்.

முன்னீர்ப்பள்ளத்துப் பெண். இருபது வயது இருக்கும். அவள் கணவன் மாசானமுத்து பட்டாளத்தில் சிப்பாய். அந்தப் பனிமலையில்தான் இருந்தான். கல்யாணம் முடிந்து ஒரு விடுமுறைதான் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். அவனோடு இருந்த நாங்குநேரிக்காரன் ஒருவன் கையில் காயம் பட்டு ஊருக்கு வந்தவன், இவளைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான்: உன் வீட்டுக்காரன் காலுக்குச் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு காவல் நிற்கிறான், எதையாவது அனுப்பு, அவன் கால் போய்விடும் என்று. சண்டை நின்றுவிட்டது என்று வானொலி சொன்ன பிறகும் அவர்களை மலையைவிட்டு இறக்கவில்லை. குளிருக்குச் சண்டை நின்ற செய்தி போய்ச் சேரவில்லை போலும்.

அவள் நடந்தே வந்தாள். மற்றவர்கள் பின்னியது வேண்டாம், தன் கையால் பின்னித் தன் கணவனுக்கு அனுப்ப வேண்டும், சொல்லிக்கொடுங்கள் என்று நின்றாள். சொல்லிக்கொடுத்தேன். கற்றுக்கொடுக்க மறுப்பவள் ஆசிரியை அல்ல. ஆனால் அந்தப் பெண்ணின் கை இருக்கிறதே, நூலை இறுக்கவே தெரியாத கை. தொளதொளவென்று பின்னினாள். ஒரு காலுறையை முடித்துக்கொண்டு வந்தாள்; கோழியை மூடும் கூடை போல் இருந்தது. என் முஷ்டி உள்ளே போய் உலாவிவிட்டு வந்தது. பிரி என்றேன். பிரித்தாள். மறுபடி பின்னினாள், மறுபடி கூடை. பிரி என்றேன். மூன்றாம் முறையும் அதே.

அப்போதுதான் முதல்முறையாக எதிர்த்து வாயைத் திறந்தாள்.

"டீச்சரம்மா, அவ்வொ காலு அங்க மரத்துப்போயிக் கெடக்காம். கண்ணி பெருசா இருந்தா என்ன, சிறுசா இருந்தா என்ன? கம்பளிதான? அனுப்பிருவோம்."

"கால் மரத்துப் போனது உன் கணவனுக்கு. உன் கைக்கு என்ன வந்தது? மறுபடி பின்னு."

சரியான பதில்தானே? நீ படித்த பிள்ளை, உனக்கே தெரியும். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செல்லக்கனி நூலை எடுத்துக்கொண்டு போனாள். நவம்பர் அப்படிப் போயிற்று.

இதற்கிடையே சற்குணவதி அம்மாளின் கூத்தைச் சொல்ல வேண்டும். பின்னி முடித்தவற்றையாவது அனுப்பலாம் அல்லவா? அனுப்பவில்லை. ஏனென்றால் விழா வைக்க வேண்டும். நம் ஊரில் விழா இல்லாமல் ஊசிகூட வாசலைத் தாண்டாது. மாலை, மேடை, வரவேற்புரை, நன்றியுரை, புகைப்படம் எல்லாம் முடிந்த பிறகுதான் கொடை கொடையாகும். பெரிய மனிதர் ஒருவரைத் தலைமைக்கு அழைத்தார். அவர் ஒரு தேதி கொடுத்தார், மாற்றினார், இன்னொன்று கொடுத்தார், அதையும் மாற்றினார். அதுவரை கம்பளிகள் எல்லாம் பள்ளி மண்டபத்தில் மேசை மேசையாக, பெயர்ச்சீட்டு ஒட்டி, அந்துருண்டை போட்டு, மின்விசிறிக்குக் கீழே காற்று வாங்கிக்கொண்டு கிடந்தன. மலையில் சிப்பாய் சாக்குத் துணியில். இங்கே கம்பளிக்கு மின்விசிறி. இந்த மூடத்தனத்தை அப்போதே கண்டித்தேன். ஒருவன் குளிரில் காத்திருக்கும்போது ஒரு பொருளைத் தாமதப்படுத்துவதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அதே மூச்சில் இன்னும் நான்கு ஜோடிகளைப் பிரிக்கவும் சொன்னேன். அது தரம் பற்றிய விஷயம். வேறு.

டிசம்பர் பாதியில் விழா நடந்தது. பெரிய மனிதர் கம்பளி மஃப்ளர் ஒன்றைக் கழுத்தில் சுற்றி, குரங்குக் குல்லா ஒன்றைத் தலையில் மாட்டி, சிப்பாய்களின் துயரில் பங்கு கொள்வதாகச் சொல்லிப் புகைப்படத்துக்கு நின்றார். பங்கு கொண்ட கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி, கண் சொருகி, சோடா கேட்டார். இருவர் விசிறினார்கள். பரிசு வழங்கினார்கள். முதல் பரிசு யாருக்கு என்று நினைக்கிறாய்? சற்குணவதி அம்மாளுக்கே. மூவர்ணக் கொடி போலக் காவி, வெள்ளை, பச்சை என்று பட்டை போட்ட கையுறை. வெள்ளைப் பனியில் பதுங்கியிருக்கும் ஒருவனுக்கு, எதிரி குறிபார்க்கச் சிரமப்படக் கூடாது என்று காவியும் பச்சையும். என் காலுறைக்கு ஆறுதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். அது இன்னும் இருக்கிறது. அதில்தான் நீ தண்ணீர் குடித்தாய்.

நான் அதைப் பற்றியெல்லாம் மனத்தில் வைத்துக்கொள்பவள் இல்லை.

விழா முடிந்து பொட்டலம் கட்டும்போது செல்லக்கனி வந்தாள். கையில் ஒற்றைக் காலுறை. ஒன்றுதான் முடிந்திருந்தது, அதுவும் அதே கூடை. ஒற்றையை அனுப்ப முடியாது என்றேன். மண்டபத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தமாக அழவில்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தாள். பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ அந்தக் குளிரை நான்தான் மலையில் கொண்டுபோய்க் கொட்டியவள் போல.

என் வாழ்நாளில் விதியை நான் மீறியது அந்த ஒரு முறைதான். சரி, அந்தக் கூடை இடது காலுக்கு இருக்கட்டும், வலது காலுக்கு நானே பின்னித் தருகிறேன் என்றேன். அன்றே உட்கார்ந்து பின்னினேன். அங்குலத்துக்கு எட்டுக் கண்ணி அல்ல, ஒன்பது. பக்கத்தில் தளர்ந்த ஒன்று இருக்கும்போது மற்றது ஒழுங்கின் உதாரணமாக இருக்க வேண்டும் அல்லவா? முடித்துக் கையில் மாட்டிப் பார்த்தேன். தோல் போல ஒட்டியது. குதிகாலில் ஒரு சுருக்கம் இல்லை. இரண்டையும் சேர்த்து அவன் பெயருக்குப் பட்டாள முகவரியில் அனுப்பினோம். செல்லக்கனி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை என்று விளக்கி அனுப்பினேன்.

குளிர் போய், வெயில் வந்தது. பங்குனி இருக்கும். எட்டாம் வகுப்புக்குக் காலுறையில் குதிகால் திருப்புவதை, அதாவது குதிகாலுக்கு வளைத்துப் பின்னுவதை, விளக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு ஒருவன். பின்னால் செல்லக்கனி, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு. மாசானமுத்துதான். நெடிய ஆள், முகமெல்லாம் கருகித் தோல் உரிந்திருந்தது. வெயிலில் கருகுவதுண்டு, குளிரிலும் கருகும் என்று அன்றுதான் பார்த்தேன். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று எண்ணி, பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, மலையில் குளிர் எப்படி இருந்தது, மாணவிகளுக்குச் சொல்லுங்கள் என்றேன். பொது அறிவுக்கு உதவும்.

அவன் சொன்னான். பள்ளிக்கூடத்துப் பேச்சு இல்லை, சந்தைப் பேச்சு. ஆனால் பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். என் வகுப்பில் அவர்கள் அப்படிக் கேட்டதில்லை.

அங்கேயும் சூரியன் வருமாம். ஆனால் நாட்காட்டியில் அச்சடித்த சூரியன் போல, பார்க்கத்தான், காய உதவாதாம். துப்பாக்கி இரும்பை வெறுங்கையால் தொட்டால் கையை எடுக்கும்போது தோல் அங்கேயே தங்கிவிடுமாம். செல்லக்கனி கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய் சீசாவுக்குள் கல்லாகிவிட்டதாம். சீசாவை உடைத்து, எண்ணெய்க் கட்டியைத் துணியில் முடிந்து, இடுப்பில் ஊர் வாசனைக்காக வைத்துக்கொண்டிருந்தானாம். பருப்பு நாள் முழுக்கக் கொதித்தும் வேகாதாம். காவலுக்கு நிற்பவன் பனியில் நின்றபடி தூங்கிவிடக் கூடாது என்று, இருவர் இருவராக நிறுத்தி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே இருக்கச் சொல்வார்களாம். இவனுக்கு ஜோடி ஒரு பாலக்காட்டுக்காரன். இவன் திருநெல்வேலி வசவு, அவன் மலையாள வசவு. "பாதி அர்த்தம் ரெண்டு பேருக்கும் புரியல டீச்சர், ஆனா கோவம் வரும். கோவம் வந்தா ஒடம்பு சுடும்," என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருநாள் விடியற்காலை இவன் திட்டினான், பதில் வரவில்லை. இன்னும் கெட்டதாகத் திட்டினான். அவன் தாயையும் சேர்த்துத் திட்டினான். அதற்கும் பதில் வரவில்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்தானாம்.

அதன்பிறகு பிள்ளைகள் சிரிக்கவில்லை. வகுப்பில் இப்படிப்பட்ட சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று அவனுக்கு நினைவூட்டினேன்.

அவன் பையிலிருந்து இரண்டு காலுறைகளை எடுத்து என் மேசைமேல் வைத்தான். ஒன்று செல்லக்கனியின் கூடை, பனியிலும் வியர்வையிலும் சுருங்கிக் கெட்டிப்பட்டிருந்தது. மற்றது என்னுடையது. ஆனால் மேலிருந்து கீழ்வரை கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

"டீச்சர், இதுல உங்க கைவேல எது?"

அதில் என்ன சந்தேகம்? வலது என்னுடையது என்றேன். பிள்ளைகளுக்கும் காட்டினேன்: கத்தரி பட்ட பிறகும் ஒரு கண்ணிகூட நழுவவில்லை, கவனியுங்கள் என்றேன்.

அவன் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இரண்டு கால்களையும் நீட்டினான். இடது காலில் ஐந்து விரல். வலது காலில் சுண்டுவிரல் மட்டும். மற்ற இடம் மொட்டையாக, பளபளவென்று.

இடது கால் அந்தத் தொளதொளத்த காலுறைக்குள் அசைந்துகொண்டே இருந்ததாம். விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருப்பானாம். வலது காலில் விரலை அசைக்க இடமே இல்லையாம். ஊரிலிருந்து வந்தது, மனைவி அனுப்பியது, கழற்ற மனம் வரவில்லையாம். பிறகு கால் வீங்கிக் கழற்றவும் முடியவில்லையாம். இறுகக் கட்டிய காலுக்குள் ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்தில் குளிர் குடியேறும் என்று பட்டாள டாக்டர் சொன்னாராம். கத்தரியால் வெட்டி எடுக்கும்போது, இதைப் பின்னியது யார் என்று அவர் கேட்டாராம்.

நான் அமைதியாகத்தான் பதில் சொன்னேன். "இடது காலுறையில் மூன்றாம் வரியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது, மாசானமுத்து. அதையும் நீங்கள் கவனித்திருக்க வேண்டும்," என்றேன்.

அதற்கு அவன் சொன்னதைத்தான் முப்பத்தாறு ஆண்டுகளாக நான் சுமந்துகொண்டிருக்கிறேன். தடியை ஊன்றி எழுந்தான். கோபம்கூட இல்லை அவன் முகத்தில். சிரித்தான்.

"அடுத்த சண்டை வந்தா எதிரிக்குப் பின்னி அனுப்புங்க டீச்சர். குண்டு மிச்சம்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. என் வகுப்பு. குதிகால் திருப்பக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகள். அந்த ஒரு வாக்கியம் இந்த ஊரில் பழமொழியாகிவிட்டது, தெரியுமா? ரவிக்கை இறுக்கிப் பிடித்தால், செருப்பு கடித்தால், "எதிரிக்குக் கொடு" என்பார்கள். உன் வீட்டிலும் சொல்வார்களா? சொல்வார்கள். தலையைக் குனியாதே, அது உன் குற்றமில்லை.

நீயே தீர்ப்புச் சொல். ஒரு கால் கெட்டதற்கு எத்தனை காரணம் இருக்கலாம். காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்திருக்கலாம். ஓடையைத் தாண்டும்போது வலது காலை முதலில் வைத்திருக்கலாம். நம் ஆட்கள் எதற்கும் வலது காலைத்தானே முதலில் வைப்பார்கள். பிறவியிலேயே அந்தக் கால் பலவீனமாக இருந்திருக்கலாம். இதையெல்லாம் எங்கள் டாக்டரிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, இறுக்கம் ஆகாது டீச்சர் என்றார். டாக்டரை மாற்றிக்கொண்டேன். புதியவரும் அதையே சொன்னார். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள்.

காலுறைகளை அவன் மேசையிலேயே விட்டுப் போய்விட்டான். அவை என்னிடம்தான் இருக்கின்றன. வெட்டிய இடத்தை நான் தைத்து வைத்துவிட்டேன். தையல் எங்கே என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது.

அவன் போன தை மாதம் இறந்துபோனான். முன்னீர்ப்பள்ளம் வரை ஆட்டோவில் போய்வந்தேன். பகையை மனத்தில் வைப்பவள் இல்லை என்று சொன்னேனே. வாசலில் கிடத்தியிருந்தார்கள். அவர்கள் வழக்கப்படி இறந்தவரின் இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அவனுக்கு வலது காலில் கட்டப் பெருவிரல் இல்லை. ஆண்கள் எதைப் பிடித்துக் கட்டுவது என்று தெரியாமல் நூலும் கையுமாக நின்றார்கள். கடைசியில் யாரோ கணுக்காலைச் சுற்றி ஏதோ ஒரு முடிச்சைப் போட்டார்கள். தொளதொளவென்று ஒரு முடிச்சு. கால்கள் விலகிக்கொண்டே வந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து நானே அவிழ்த்துச் சரியாகக் கட்டப் போனேன்.

செல்லக்கனி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கிழவியாகிவிட்டாள். இத்தனை ஆண்டுகளில் சந்தையிலோ பேருந்திலோ பார்த்தால் கும்பிடுவாளே தவிர ஒரு சொல் சொன்னதில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகத்தான் பிடித்தாள், அந்தக் கைக்கு எதையும் இறுக்கிப் பிடிக்க எப்போதும் தெரியாது.

"தளர்வாவே கெடக்கட்டும் டீச்சரம்மா. அவ்வொளுக்கு இப்ப வலிக்காது, எனக்கு வலிக்கும்."

கையை எடுத்துவிட்டேன். துக்க வீட்டில் வாதாடுவது முறையல்ல. ஆனால் திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒன்று தோன்றியது. வாதாட வேண்டியவன் போய்விட்டான். இனி அவனிடம் எதையும் நிரூபிக்க முடியாது. ஒரே ஒரு மனிதன், ஒரே ஒரு குளிர்காலம், ஒரே ஒரு ஜோடி. இதை வைத்து ஓர் ஆசிரியையின் பெயரை எப்படிக் கெடுக்கலாம்? ஒரு முறை நடந்தது தற்செயல். சோதனை என்றால் பல முறை செய்ய வேண்டும். ஐஸ் கம்பெனிக்கு நான் அழைத்துப் போனதும் அதற்காகத்தான்.

பிறகு இந்த மே மாதம் சண்டை வந்தது. பதினாறாயிரம் அடி, பதினெட்டாயிரம் அடி என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். அங்கே கோடையிலும் பனிதானாம். நூல் வாங்கி வந்தேன்.

இப்போது நிபந்தனையைக் கேட்டுக்கொள், ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். அந்த ஆறு ஜோடியும் ஒரே மாதிரி: வெள்ளை நூல் கட்டிய இடது காலுறை செல்லக்கனியின் அளவு. பார்த்துப் பார்த்துத் தளர்வாகப் பின்னினேன். கை கூசியது, இருந்தும் பின்னினேன். மூன்றாம் வரியில் வேண்டுமென்றே ஒரு கண்ணியைக்கூட விட்டிருக்கிறேன். நியாயமான சோதனைக்கு எல்லாம் அதேபோல இருக்க வேண்டும். சிவப்பு நூல் கட்டிய வலது காலுறை என் அளவு, அங்குலத்துக்கு ஒன்பது கண்ணி. பிள்ளைகள் மாற்றிப் போட்டுவிடக் கூடாது, இரண்டும் வலதாகவோ இரண்டும் இடதாகவோ பகிர்ந்துகொள்ளவும் கூடாது. நடுவில் கழற்றக் கூடாது. மலையிலிருந்து இறங்கிய பிறகு, எந்தக் கால் எப்படி இருக்கிறது என்று அந்த அஞ்சலட்டையில் இரண்டு வரி எழுதிப் போடச் சொல். தமிழ் தெரியாதவர்கள் இந்தியில் எழுதட்டும். படிக்க ஆள் வைத்துக்கொள்கிறேன். ஆறு பேர் போதும். ஆறு பேர் நேர்மையாக எழுதினால் இந்த ஊர் வாயை மூடும்.

தரத்தைப் பற்றி உனக்குக் கவலையே வேண்டாம். வலது ஒவ்வொன்றையும் மோர் ஊற்றிப் பார்த்துவிட்டேன்.

என்ன, பிள்ளை? பொட்டலத்தை ஏன் கீழே வைக்கிறாய்?